பத்து நாளில் பேனல் நேர்காணல், ஏற்கெனவே இரண்டு இடத்தில் தோற்றாயிற்று: நர்ஸ் ரெசிடென்சி பற்றி ஒரு கேள்வி

வெண்பஞ்சு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறேன், வயது 34. ஊரில் பி.காம் முடித்து ஐந்து வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, ஹெச்-4 (கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசா) வேலை அனுமதி கைக்கு வந்ததும் நர்சிங்கில் சேர்ந்தேன். இந்த டிசம்பரில் பிஎஸ்என் (நர்சிங் இளங்கலைப் பட்டம்) முடிகிறது.

‘ரெசிடென்சிக்கு விண்ணப்பித்திருக்கிறேன்’ என்று போனில் சொன்னதும் அம்மா, “டாக்டருக்குப் படிக்கிறேன்னு சொல்லவே இல்லையே” என்றார். அவருக்குச் சொன்ன விளக்கத்தை இங்கேயும் போட்டுவிடுகிறேன். புதிதாகப் படித்து வரும் நர்ஸை ஆஸ்பத்திரி சம்பளத்துக்கு எடுத்து, முதல் சில மாதம் அனுபவமுள்ள ஒரு நர்ஸின் பக்கத்திலேயே நிறுத்தி, ஏறக்குறைய ஒரு வருடம் வேலையும் வகுப்புமாகப் பழக்குவார்கள். அதுதான் நர்ஸ் ரெசிடென்சி. இது இல்லாமல் நல்ல ஆஸ்பத்திரியில் நேராக நுழைவது இப்போது கஷ்டமாக இருக்கிறது.

பதினான்கு இடத்துக்குப் போட்டேன். மூன்று இடத்திலிருந்து அழைப்பு வந்தது, அதில் இரண்டு போய்விட்டது.

முதலாவது வீடியோ நேர்காணல். எதிரே ஆளே இல்லை. திரையில் கேள்வி வரும், யோசிக்க 30 நொடி, பேச 2 நிமிடம், நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டு பேச வேண்டும். ‘கையாளக் கஷ்டமான ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றது. நான் எந்த செமஸ்டர், எந்த வார்டு, எங்கள் குழுவில் எத்தனை பேர், அன்று என்ன வேலை பிரித்துக் கொடுத்தார்கள் என்று ஆரம்பித்தேன். நோயாளி அறைக்குள் கால் வைக்கிற இடத்துக்கு வந்தபோது 2 நிமிடம் முடிந்து பதிவு நின்றுவிட்டது.

இரண்டாவது ஜூம். மேனேஜரும் இரண்டு நர்ஸ்களும் இருந்தார்கள். ‘நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்’ என்றார்கள். பயத்தில், “மாணவி என்பதால் எப்போதும் கூட ஒருவர் இருப்பார், அதனால் தவறு எதுவும் நடந்ததில்லை” என்றேன். எழுதிக்கொண்டிருந்த மேனேஜரின் பேனா நின்றது. ‘சரி’ என்று அடுத்த கேள்விக்குப் போனார். நான்காம் நாள் மின்னஞ்சலில் நன்றி சொல்லி முடித்துவிட்டார்கள்.

இப்போது மூன்றாவது. ஸ்டெப்-டவுன் யூனிட் (ஐசியூவுக்கும் சாதாரண வார்டுக்கும் இடைப்பட்டது), நேரில், நாலைந்து பேர் பேனல், இன்னும் பத்து நாள் இருக்கிறது. தவறு பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லலாமா? வங்கி அனுபவத்தைப் பேசலாமா, மறைத்துவிடலாமா? ஐசியூதான் ஆசை என்பதைச் சொல்லலாமா? என் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியாமல் போனால்? விசா பற்றி எப்போது வாய் திறப்பது? அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.


ஏழாவது_மாடி எழுதியது:

தங்கச்சி, நான் ஹூஸ்டனில் ஸ்டெப்-டவுனில் 11 வருடமாக இருக்கிறேன். ஐந்து வருடமாக எங்கள் யூனிட் பேனலில் உட்காருகிறேன். என் தட்டில் வந்து விழுகிற கேள்வி என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் கையில் ஒரு தாள் இருக்கும். எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் அதே கேள்விகள்தான், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். உங்களைப் பிடித்துப்போனால்கூட, நீங்கள் சொல்லாத ஒன்றுக்கு நான் மதிப்பெண் போட முடியாது. ‘அவங்களே புரிஞ்சுப்பாங்க’ என்பது அந்த அறையில் செல்லாது.

நம் ஆட்கள் அடிபடுகிற இடமும் அதுதான். நம்மில் ‘நான் செய்தேன்’ என்று சொன்னால் தற்பெருமை, அதனால் ‘நாங்கள் பார்த்தோம், நாங்கள் சரிசெய்தோம்’ என்றே வாய் போகும். போன வருடம் நம் ஊர்ப் பெண் ஒருத்தி வந்தாள். இடுப்பு அறுவை முடிந்த நோயாளி வலி மருந்துக்குப் பிறகு மயங்கிய மாதிரி கிடந்தார், மூச்சு நிமிடத்துக்கு 9 ஆக இறங்கியிருந்தது என்று அருமையாக ஆரம்பித்தாள். அப்புறம் ‘நாங்கள் கவனித்தோம், ராபிட் ரெஸ்பான்ஸ் (அவசரக் குழு) கூப்பிட்டோம், நலோக்ஸோன் (அந்த வலி மருந்தை முறிக்கும் மருந்து) கொடுத்தோம், சரியாகிவிட்டார்’ என்று முடித்துவிட்டாள். யார் மூச்சை எண்ணியது என்று என் பக்கத்தில் இருந்தவர் கேட்டார். தயங்கித் தயங்கி, “நான்தான்” என்றாள். யார் தலைமாட்டை உயர்த்தியது, யார் நர்ஸைக் கூப்பிட்டது? எல்லாம் அவளேதான். கேட்டிருக்காவிட்டால் அந்தத் தாளில் 2 மதிப்பெண் விழுந்திருக்கும், கேட்டதால் 5. எல்லாப் பேனலிலும் அப்படிக் கேட்க மாட்டார்கள். மருந்து கொடுத்தது நர்ஸ் என்றால் ‘நர்ஸ் கொடுத்தார்’ என்று சொல்லுங்கள், எண்ணியது நீங்கள் என்றால் ‘நான் எண்ணினேன்’ என்று சொல்லுங்கள். அதில் பெருமையடிப்பது எதுவும் இல்லை, சார்ட்டில் எழுதுகிற மாதிரிதான்.

அடுத்தது உங்கள் 2 நிமிடக் கதை. சிரிப்பு வந்தாலும் எனக்கும் நடந்ததுதான். நாம் கதை சொன்னால் கல்யாண மண்டப வாசலில் ஆரம்பித்துப் பந்திக்கு வர அரை மணி ஆகும். கல்லூரியில் எஸ்பார் சொல்லிக் கொடுத்திருப்பார்களே, டாக்டரைப் போனில் கூப்பிடும்போது இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, நான் என்ன கணிக்கிறேன், என்ன வேண்டும் என்று அடுக்குவது. அந்த வரிசையின் முதல் படியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்திலேயே நோயாளியும் பிரச்சினையும் வந்துவிட வேண்டும். நேர்காணலுக்கென்று ஸ்டார் என்று இன்னொரு வரிசை சொல்வார்கள்: சூழ்நிலை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, முடிவு. நல்லதுதான். ஆனால் சூழ்நிலைக்கு இரண்டு வாக்கியம் போதும். மீதி நேரம் முழுவதும் ‘நீங்கள் செய்தது’.

தவறு பற்றிய கேள்விக்கு வருகிறேன். ‘தவறே நடந்ததில்லை’ என்றால் நாங்கள் என்ன நினைப்போம் தெரியுமா? ஒன்று, இவளுக்குத் தவறு நடந்ததே தெரியவில்லை. அல்லது தெரிந்தும் மறைப்பாள். இரண்டாவது ரகம்தான் எங்களுக்குப் பயம். ராத்திரி மூன்று மணிக்கு ஒரு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஓடி வந்து சொல்கிற ஆளா, ஓரமாக நின்று கையைப் பிசைகிற ஆளா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வியே. கண்டிப்பாக உண்மையைச் சொல்லுங்கள். எந்தத் தவறு என்பதை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் அனுபவத்தில் ஏதாவது இருந்தால் இங்கே எழுதுங்கள், சேர்ந்து செதுக்குவோம்.

உச்சரிப்பு: என் உச்சரிப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஒரு டாக்டரும் செத்துப்போகவில்லை. வேகத்தை மட்டும் குறையுங்கள். கேள்வி சரியாகக் காதில் விழவில்லை என்றால் ‘நீங்கள் கேட்டது இதுதானே?’ என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். போனில் வரும் மருந்து உத்தரவைத் திருப்பிப் படித்துக் காட்டுவது எங்கள் வேலையின் விதி. அதை நேர்காணலிலேயே செய்கிற ஆளைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கைதான் வரும்.

ஐசியூ ஆசையை மறைக்க வேண்டாம். ஆனால் ‘ஸ்டெப்-டவுனில் ஒரு வருடம் இருந்துவிட்டு ஐசியூ போய்விடுவேன்’ என்ற வாசனை வந்தால் மேனேஜர் முகம் சுருங்கும். உங்களைப் பழக்க அந்த யூனிட் ஒரு வருடம் செலவு பண்ணப்போகிறது, பாருங்கள். இந்த யூனிட்டில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று உண்மையாகவே யோசியுங்கள். ஐசியூவிலிருந்து இறங்கி வருகிற நோயாளியும் எங்களிடம்தான் வருவார், வார்டில் நிலைமை மோசமாகிறவரும் எங்களிடம்தான் வருவார். நோயாளி ‘மாறுவதை’ முதலில் கண்டுபிடிக்கிற இடம் இது. உங்களுக்கு அதில் ஈர்ப்பு இருந்தால் அதையே சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு யூனிட் பாருங்கள்.

எங்களுக்குப் பிடித்த இன்னொரு கேள்வி: நாலு நோயாளிகளைக் கொடுத்து யாரிடம் முதலில் போவீர்கள் என்பது. ஒரு மாதிரி தருகிறேன். அறுவை முடிந்து மறுநாள், வலி பத்துக்கு எட்டு என்கிறவர் ஒருவர். நாள்பட்ட சிஓபிடி (நுரையீரல் அடைப்பு நோய்), 2 லிட்டர் ஆக்சிஜனில் ரத்த ஆக்சிஜன் அளவு 89 சதவீதம் காட்டுபவர் ஒருவர். நிமோனியாவுடன் 72 வயது அம்மா, காலையில் தெளிவாகப் பேசியவர், இப்போது எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, மூச்சு 28. நாலாவது, வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர். அவருடைய மகள் காரை வாசலில் நிறுத்திவிட்டு வந்து சத்தம் போடுகிறார்.

89-ஐப் பார்த்ததும் நிறையப் பேர் அங்கே ஓடுவார்கள். சிஓபிடி உள்ளவருக்குப் பொதுவாக 88 முதல் 92 வரைதான் இலக்கே வைப்போம், அவருக்கு அது வழக்கமான எண். அந்த 72 வயது அம்மாவிடம் நடந்திருப்பது புது மாற்றம், முதலில் அவரிடம்தான் போக வேண்டும். இவ்வளவு சொன்னால் 3 மதிப்பெண். மீதி 2 எங்கே என்றால், மற்ற மூன்று பேரை என்ன செய்தீர்கள் என்பதில். பக்கத்து நர்ஸிடம் ‘அந்த வலி மருந்தைக் கொடுத்துவிடுகிறாயா’ என்று கேட்டேன், உதவியாளரிடம் ‘அந்த மகளிடம் இருபது நிமிடம் ஆகும் என்று சொல்’ என்றேன், சார்ஜ் நர்ஸுக்கு (அந்த ஷிஃப்டின் பொறுப்பு நர்ஸுக்கு) தகவல் சொன்னேன், தேவைப்பட்டால் ராபிட் ரெஸ்பான்ஸ் கூப்பிடுவேன் என்று சொல்ல வேண்டும். புதியவர்கள் நாலையும் தனியாளாகச் செய்து காட்டப் பார்ப்பார்கள். எங்களுக்கு வேண்டியது வீராங்கனை இல்லை, வாய்விட்டுக் கேட்கிற ஆள்.

வங்கி வேலை பற்றி ஒரு வார்த்தை. அதையா மறைக்கப் பார்க்கிறீர்கள்? கவுண்டரில் வரிசை நீண்டு நிற்க, ஒருவர் கத்திக்கொண்டிருக்க, கையில் இருக்கிற எண்ணைத் தப்பில்லாமல் முடித்தவர் நீங்கள். 22 வயதில் வருகிற பிள்ளைகளிடம் அது கிடையாது.


நெல்லை_ஸ்க்ரப்ஸ் எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் நேர்காணல் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் போன வருடம்தான் ரெசிடென்சி முடித்தேன், சான் அன்டோனியோவில். காகித விஷயம் மட்டும் கொஞ்சம்.

பதினான்கு இடத்துக்குப் போட்டு மூன்று அழைப்பு வந்தது மோசமில்லை, ஆனால் ரெஸ்யூமேயை ஒருமுறை பாருங்கள். மேலே நோக்கம், குறிக்கோள் என்று நாலு வரி எழுதியிருந்தால் தூக்கிவிடுங்கள். கேப்ஸ்டோன் (படிப்பின் கடைசிப் பயிற்சி) யூனிட், எத்தனை மணி நேரம், எத்தனை நோயாளிகளை ஒரே ஷிஃப்டில் பார்த்தீர்கள், நோயாளிப் பதிவுக்குப் பழகிய மென்பொருள் எபிக்கா செர்னரா, இவைதான் முதல் அரைப் பக்கத்தில் வர வேண்டும். மற்ற கிளினிக்கல்கள் (ஆஸ்பத்திரிப் பயிற்சிகள்) ஒரு வரிக்கு ஒன்று போதும். ‘நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்தேன், படுக்கை மாற்றினேன்’ என்று எல்லா மாணவர்களும் செய்ததை எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழ்) கட்டாயம் வேண்டும். அதற்கு அடுத்த படியான ஏசிஎல்எஸ் சொந்தக் காசில் போய் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. தேவைப்படுகிற யூனிட் வேலைக்கு எடுத்த பிறகு அதுவே அனுப்பும்.

நான் கோட்டை விட்டது தேதியில். பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கும் கோஹார்ட்டுக்கு (ஒன்றாகச் சேரும் அணிக்கு) செப்டம்பர், அக்டோபரிலேயே வாசல் திறந்துவிடும். சில இடத்தில் ஒரு வாரம்தான் திறந்திருக்கும், விண்ணப்பம் குவிந்தால் அதற்கு முன்பே மூடிவிடுவார்கள். நான் ஒன்றைப் புதன்கிழமை பார்த்தேன், சனிக்கிழமை நிதானமாகக் கவர் லெட்டர் எழுதலாம் என்று வைத்தேன், வெள்ளியன்றே மூடிவிட்டார்கள். பரிந்துரைக் கடிதத்தை அதனால்தான் முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்கிறேன். கிளினிக்கல் ஆசிரியரிடம் கேட்கும்போது உங்கள் ரெஸ்யூமேயையும், அவர் முன்னால் நடந்த ஒரு சம்பவத்தை நினைவுபடுத்தும் இரண்டு வரியையும் சேர்த்து அனுப்புங்கள். ‘சமயம் தவறாதவர், இனிமையானவர்’ என்ற கடிதம் எல்லோரிடமும் இருக்கும்.

டெக்சாஸ் என்பதால் இன்னொன்று. இங்கே உரிமம் வர என்கிளெக்ஸ் (நர்ஸ் உரிமத் தேர்வு) மட்டும் போதாது, மாநில நர்சிங் வாரியத்தின் ஜூரிஸ்ப்ரூடன்ஸ் (நர்சிங் சட்டம்) தேர்வும் வேண்டும். வீட்டில் உட்கார்ந்தே எழுதலாம், இப்போதே முடித்துவிடுங்கள். கைரேகையும் அப்படியே. டிசம்பரில் பட்டம், கல்லூரி வாரியத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அப்புறம் தேர்வெழுத அனுமதிக் கடிதம், அதற்கும் அப்புறம்தான் தேர்வு தேதி. வேலை உத்தரவில் ‘இந்தத் தேதிக்குள் உரிமம் கையில் இருக்க வேண்டும்’ என்று போட்டிருப்பார்கள். என் கோஹார்ட்டில் ஒரு பையன் நேர்காணலில் எங்கள் எல்லோரையும் விட நன்றாகச் செய்தவன், தேதி தள்ளிப்போனதால் அடுத்த கோஹார்ட்டுக்குப் போனான்.

என்கிளெக்ஸுக்குப் படிக்கும்போது ஒன்று கவனித்தேன். 2023 ஏப்ரலில் புது மாதிரி வந்த பிறகு ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, எதைக் கவனித்தாய், என்ன நினைக்கிறாய், என்ன செய்வாய், பலித்ததா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். பேனலில் கேட்பதும் அதேதான். இரண்டுக்கும் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை.


வெண்பஞ்சு எழுதியது:

அக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. ஜூரிஸ்ப்ரூடன்ஸ் நேற்று இரவே எழுதி முடித்துவிட்டேன்.

தவறு ஒன்று இருக்கிறது. சொல்லலாமா என்று பாருங்கள். கேப்ஸ்டோனில் நடந்தது:

‘எங்கள் நோயாளி ஒருவருக்குச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் கொடுத்தோம். பிறகு ஸ்கேனுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். சாப்பிடத் தாமதமானதால் சர்க்கரை இறங்கிவிட்டது. உடனே கவனித்துச் சரிசெய்தோம். இதிலிருந்து தகவல் பரிமாற்றத்தின் முக்கியத்துவத்தைக் கற்றுக்கொண்டேன்.’


ஏழாவது_மாடி எழுதியது:

சம்பவம் அருமை. பதில் வெறும் தண்ணீர்.

தவறு எங்கே? ‘அழைத்துப் போய்விட்டார்கள்’ என்று பழி ஸ்கேன் ஆள் மேல் விழுகிறது. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் வருடத்துக்கு நாற்பது தடவை கேட்கிறேன். இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள்: யார் ஊசி போட்டது? என்ன இன்சுலின், எத்தனை மணி? நோயாளி கிளம்பும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? எப்படித் தெரிந்தது? எண் என்ன? யாரிடம் சொன்னீர்கள்?


வெண்பஞ்சு எழுதியது:

நான்தான் போட்டேன், பிரிசெப்டர் (என்னைப் பழக்கிய நர்ஸ்) பக்கத்தில் நின்றார். லிஸ்ப்ரோ (சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின்) 5 யூனிட், 11.40 இருக்கும். அப்போது சர்க்கரை 148. ஐந்து நிமிடத்தில் சக்கர நாற்காலியோடு ஆள் வந்தார், நானே அவரை ஏற உதவி செய்து அனுப்பினேன். சாப்பாட்டைப் பற்றி நினைவே இல்லை. பன்னிரண்டேகாலுக்கு அந்த அறையைத் தாண்டிப் போகும்போது மேசையில் தட்டு மூடியபடி இருந்தது. அந்த மூடியைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. பிரிசெப்டரிடம் ஓடினேன், ஸ்கேன் பிரிவுக்குப் போன் போட்டேன். அவர் திரும்பி வந்தபோது நெற்றி வியர்த்திருந்தது, ஆனால் தெளிவாகப் பேசினார். குத்திப் பார்த்தேன், 62. அரை டம்ளர் ஜூஸ் கொடுத்தேன், 15 நிமிடம் கழித்து 85. அப்புறம் சாப்பிட வைத்தேன். பிரிசெப்டர் டாக்டருக்குச் சொன்னார், சம்பவ அறிக்கையை நானும் அவரும் உட்கார்ந்து எழுதினோம். அன்று முதல் தட்டு மேசைக்கு வந்ததைக் கண்ணால் பார்க்காமல் நான் அந்த இன்சுலினை எடுப்பதே இல்லை. ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவேன்.


ஏழாவது_மாடி எழுதியது:

இதேதான் பதில். ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம், அந்த மூடின தட்டைக் கண்டிப்பாக விட்டுவிடாதீர்கள். ‘தகவல் பரிமாற்றத்தின் முக்கியத்துவம்’ போயே போய்விட்டது, கவனித்தீர்களா? ஒரு நிமிடம் இருபது நொடிக்குள் சொல்லிப் பழகுங்கள். கண்ணாடி முன் வேண்டாம், நர்சிங் தெரியாத யாரிடமாவது சொல்லுங்கள். அவருக்குப் புரிந்தால் போதும்.

‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்று கடைசியில் கேட்பார்கள். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள், நீங்கள்தான் அங்கே ஒரு வருடம் கிடக்கப்போகிறீர்கள். நான் புதியவளாக இருந்தால் கேட்பது: பிரிசெப்டரோடு எத்தனை வாரம், ஒரே பிரிசெப்டரா அல்லது தினம் ஒருவரா? அந்த வாரங்கள் முடிந்தபோது எனக்கு இன்னும் தயாரில்லை என்று தோன்றினால் நீட்டிப்பீர்களா? இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? போன கோஹார்ட்டில் எடுத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இந்த யூனிட்டில் இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

பெயரில் மட்டும் ரெசிடென்சி என்று இருக்கிற இடங்களும் உண்டு, ஆறு வாரம் பழக்கிவிட்டுத் தனியே விட்டுவிடுவார்கள். திட்டம் எது என்று கேளுங்கள். 2002-இல் தொடங்கிய விஸியன்ட்-ஏஏசிஎன் திட்டம் (ஆஸ்பத்திரிகளுக்கான ஒரு நிறுவனமும் நர்சிங் கல்லூரிகள் சங்கமும் சேர்ந்து நடத்துவது) என்றால் 12 மாதம், மாதாமாதம் வகுப்பு, கடைசியில் ஆதாரம் தேடிச் செய்யும் ஒரு சின்னத் திட்டப்பணி இருக்கும். நர்சிங் சான்றளிப்பு அமைப்பான ஏஎன்சிசி இப்படிப்பட்ட பயிற்சித் திட்டங்களுக்குத் தரும் பிடிஏபி அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இல்லாவிட்டால் மோசம் என்று அர்த்தமில்லை. இருந்தால் யாரோ வெளியாள் வந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.


கொட்டும்_காபி எழுதியது:

விசா பற்றி யாரும் சொல்லவில்லையே. நானும் ஹெச்-4 அனுமதியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தவள்தான். பேனலில் நீங்களாக எடுக்காதீர்கள், அவர்கள் பார்ப்பது உங்கள் நர்சிங்கை. விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கேள்வி இருக்கும். சட்டப்படி வேலை செய்ய அனுமதி உண்டா என்பது ஒன்று, நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டியிருக்குமா என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் படித்து உள்ளதை உள்ளபடி போடுங்கள், அதற்குமேல் கதை வேண்டாம். சாதாரண ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) வேலைக்கு ஹெச்-1பி (நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வேலை விசா) கிடைப்பது அரிது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வேலை அனுமதி அட்டையின் கடைசித் தேதிக்கு 180 நாள் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முதல் நாளே போட்டுவிடுங்கள், ரெசிடென்சி நடுவில் அட்டை காலாவதியானால் யூனிட்டுக்குள் கால் வைக்க முடியாது. முன்னாள் ராணுவத்தினருக்கான விஏ ஆஸ்பத்திரி ரெசிடென்சிகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை கேட்பார்கள், அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அப்புறம் ஒப்பந்தம். நான் முதலில் சேர்ந்த இடத்தின் பெயர் வேண்டாம். இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். பதினான்காம் மாதம் கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை மாறியது. இருந்த மாதங்களைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் பணம் கேட்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். முழுத் தொகையும் கேட்டார்கள், 6,000 டாலர். ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தால் ஏழாம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. மாதக் கணக்கில் குறையுமா, அதே ஆஸ்பத்திரிக்குள் யூனிட் மாறினால் என்ன, வேலையை விட்டு அவர்களே நீக்கினால் என்ன, இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.


நெல்லை_ஸ்க்ரப்ஸ் எழுதியது:

ஏழாம் பக்கம் என்பதைப் படித்ததும் என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். எனக்கு மாதக் கணக்கில் குறைகிறது. பெருமூச்சு.


வெண்பஞ்சு எழுதியது:

நேற்று முடிந்தது. ஐந்து பேர். தவறு பற்றி மூன்றாவது கேள்வியாகவே கேட்டார்கள். ஒரு நிமிடம் கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கும். மூடின தட்டு என்றதும் ஓரத்தில் இருந்த ஒரு நர்ஸ் “ஐயோ” என்கிற மாதிரி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். இந்த முறை பேனா நிற்கவில்லை.

நாலு நோயாளி கேள்வி வரவில்லை. அதற்குப் பதில், டாக்டர் எழுதிய அளவு தவறு என்று தோன்றினால் என்ன செய்வீர்கள் என்றார்கள். கொடுக்காமல் நிறுத்துவேன், டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்பேன், அவர் ‘கொடு’ என்றாலும் எனக்குச் சந்தேகம் தீராவிட்டால் மருந்தாளுநரிடமும் சார்ஜ் நர்ஸிடமும் போவேன் என்றேன். ‘டாக்டர் எரிச்சல்பட்டால்?’ என்று ஒருவர் கிண்டினார். “வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகாத காசோலையைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கம், எரிச்சல்படாத வாடிக்கையாளரைப் பார்த்ததே இல்லை” என்று வாயில் வந்துவிட்டது. சிரித்தார்கள். அது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

போன கோஹார்ட் பற்றிக் கேட்டேன். எட்டுப் பேரில் ஏழு பேர் இருக்கிறார்கள், ஒருவர் ஐசியூவுக்குப் போனார் என்று மேனேஜரே சொன்னார்.

நன்றிக் கடிதம் இன்று காலை அனுப்பிவிட்டேன், நாலு வரிதான். அக்கா, பதில் வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். அதற்குள் இன்னொரு இடத்தில் மெட்-சர்ஜ் (பொது மருத்துவம், அறுவை வார்டு) வீடியோ நேர்காணலுக்கு இணைப்பு வந்திருக்கிறது. செய்துவிடட்டுமா?


ஏழாவது_மாடி எழுதியது:

செய்யுங்கள், இன்றைக்கே. காசோலையை அங்கேயும் சொல்லுங்கள்.